வார்ப்புக் குண்டு சேம்பரில் சிக்கினால்: கையால் தோட்டா நிரப்பும் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

சொந்தமாக ஈயக் குண்டு வார்த்து ரைஃபிளுக்குத் தோட்டா நிரப்பத் தொடங்கும் எவருக்கும் இந்தத் தொல்லை சீக்கிரமே வந்துவிடுகிறது. தோட்டா சேம்பருக்குள், அதாவது குழலின் பின்முனையில் தோட்டா அமரும் அறைக்குள், முக்கால்வாசி போகிறது, அதைப் பின்னாலிருந்து அடைத்துப் பூட்டும் போல்ட்டின் கைப்பிடி இறங்க மறுக்கிறது. அழுத்தினால் இறங்குகிறது. சுடாமல் திரும்பத் திறந்தால் பித்தளைக் கூடு மட்டும் வெளியே வருகிறது. குண்டு குழலின் வாயிலேயே நின்றுவிடுகிறது, வெடிமருந்து பொடிப்பொடியாக, தோட்டாக்களை அடுக்கும் மகசீனுக்குள் கொட்டிக் கிடக்கிறது.

இதற்குப் பெரும்பாலானோர் செய்யும் வைத்தியம் ஒன்றே. அடுத்த தோட்டாவில் குண்டை இன்னும் ஆழமாக இறக்கிவிடுவார்கள். சில நேரம் அது சரியான வைத்தியம்தான். பல நேரம் அது நோயை மறைத்து, கூட்டுக்குள் இடத்தைக் குறைத்து, அழுத்தத்தை ஏற்றிவிடும் வைத்தியம். சிக்கிய குண்டு எங்கே உரசியது என்பதை அதன் உடம்பே காட்டும். அதைப் படித்த பிறகே, கூட்டை அளவாக்கவும் குண்டை இறக்கவும் உதவும் கருவியான டையின் திருகில் கை வைக்க வேண்டும். இந்தக் கட்டுரை முழுவதும் அந்தப் படிப்பைப் பற்றியதுதான்.

முதலில் சட்டம். அமெரிக்காவில் சொந்தப் பயன்பாட்டுக்குத் தோட்டா நிரப்பிக்கொள்ளக் கூட்டரசு உரிமம் தேவையில்லை, விற்பதற்குத் தேவை. ஆனால் எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதைக் கூட்டரசுச் சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருப்பது போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. மாநிலச் சட்டங்கள் தனி. இந்தியாவில் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமமின்றித் தோட்டா தயாரிப்பது குற்றம். ஆகவே இங்கே எழுதுவது அமெரிக்கா போல இந்தப் பொழுதுபோக்குக்கு அனுமதியுள்ள நாடுகளில் இருப்பவர்களுக்கு மட்டுமே. மருந்தின் அளவு எதையும் நான் இங்கே தரப்போவதில்லை. அதற்கு அச்சிட்ட கையேட்டைத் தவிர வேறு எதையும் நம்பாதீர்கள்.

போல்ட் மூட மறுக்கும்போது

அழுத்தாதீர்கள். உள்ளங்கையால் கைப்பிடியைத் தட்டி மூடுவது, மரச் சுத்தியலால் தட்டுவது, இரண்டும் வேண்டாம். ஈயம் மிருதுவானது என்பதால் போல்ட்டின் நெம்பு விசை அதை ரைஃபிளிங் மேடுகளுக்குள், அதாவது குழலின் உட்சுவரில் பள்ளங்களுக்கு நடுவே சுருளாக ஓடும் மேடுகளுக்குள், சுலபமாகத் திணித்துவிடும். திணித்த பிறகு அதைப் பின்னுக்கு இழுக்கும் வலிமை கூட்டின் கழுத்துப் பிடிக்கு இருக்காது. செம்பு உறை போட்ட குண்டைவிட வார்ப்புக் குண்டு அதிகமாக உள்ளே நின்றுவிடுவதற்குக் காரணம் இதுதான்.

குழலின் முனையைப் பாதுகாப்பான திசையில், இடம் அனுமதித்தால் மேல்நோக்கி நிமிர்த்திப் பிடியுங்கள். அப்படிப் பிடித்தால் குண்டு கழன்றாலும் மருந்து கூட்டுக்குள்ளேயே தங்கும். அந்த நிலையில் போல்ட்டை மெதுவாகத் திறங்கள். தோட்டா முழுதாக வந்தால் நல்லது. அதைத் தனியே எடுத்து வையுங்கள், தூக்கி எறியாதீர்கள். உங்களுக்கு வேண்டிய சாட்சியம் அதில்தான் இருக்கிறது.

கூடு மட்டும் வந்தால் அன்றைய சுடுதல் முடிந்தது. இன்னொரு தோட்டாவைப் பின்னால் வைத்து 'தள்ளிவிடலாம்' என்று நினைக்கவே கூடாது. குண்டு குழலில் நிற்கும்போது பின்னாலிருந்து இன்னொன்று வெடித்தால் குழல் வீங்கும் அல்லது பிளக்கும். அப்போது உங்கள் முகம் அதற்கு ஒரு சாண் தூரத்தில் இருக்கும்.

மூன்றாவது நிலை ஒன்று உண்டு, அதுதான் மோசமானது: நிரப்பிய தோட்டா உள்ளே இருக்கிறது, போல்ட் மூடவும் இல்லை, திறக்கவும் இல்லை. இந்த நிலையில் முனையிலிருந்து கம்பி விட்டு இடிக்காதீர்கள். உயிருள்ள பிரைமரும் (மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) மருந்தும் உள்ள தோட்டாவை எதிர்ப்பக்கத்திலிருந்து இடிப்பவரின் கை குழலின் நேர்முன்னால் இருக்கிறது. சுடுதளத்தின் பொறுப்பாளரிடம் சொல்லி, துப்பாக்கிப் பழுது பார்ப்பவரை நாடுங்கள்.

உள்ளே நின்ற குண்டை எடுப்பது

கூடு வெளியே வந்துவிட்டது, சேம்பரில் எதுவும் இல்லை என்பதைக் கண்ணால் பார்த்து உறுதி செய்த பிறகே இந்த வேலை. போல்ட்டைக் கழற்றிவிடுங்கள். கொட்டிய மருந்தை மென்மையான தூரிகையால் திரட்டி அப்புறப்படுத்துங்கள். வீட்டு வாக்குவம் கிளீனரைக் கிட்டவே கொண்டுவராதீர்கள், அதன் மோட்டாரில் பொறி உண்டு. மார்லின் 336 போன்ற லீவர் ரைஃபிளில் (விசைக்குக் கீழே உள்ள நெம்பை இறக்கி ஏற்றி இயக்குவது) லீவரின் திருகைக் கழற்றினால் போல்ட் பின்னால் உருவிக்கொண்டு வரும். பழைய வின்செஸ்டர் 94இல் அது அவ்வளவு சுலபமில்லை, எல்லா வேலையும் முனைப்பக்கத்திலிருந்துதான்.

குழலின் முனையிலிருந்து சேம்பரை நோக்கித் தள்ள வேண்டும். குண்டு வந்த வழியே திரும்பிப் போகட்டும். முன்னோக்கித் தள்ளினால் 20 அங்குலத்துக்கும் மேல் பயணம், பின்னோக்கி என்றால் அரை அங்குலம். .30 காலிபர் குழலுக்கு (உள்விட்டம் 0.30 அங்குலம்) கால் அங்குலப் பித்தளைக் கம்பி பொருந்தும். இரண்டு மூன்று இடங்களில் நாடா சுற்றினால் அது குழலின் நடுவிலேயே ஓடும், முனையின் விளிம்பைச் சுரண்டாது. அந்த விளிம்பு கெட்டால் ரைஃபிளின் குறி கெட்டது. ஊடுருவும் எண்ணெய் சில துளி விட்டு, கால் மணி நேரம் பொறுத்து, சிறு சுத்தியலால் தட்டினால் பெரும்பாலும் நாலைந்து தட்டில் குண்டு சேம்பருக்குள் விழுந்துவிடும். மரக் குச்சி வேண்டவே வேண்டாம். அது சாய்வாகப் பிளந்து, பிளவு ஆப்பாக இறுகி, ஒரு பிரச்சினையை இரண்டாக்கிவிடும்.

எடுத்த பிறகு குழலுக்குள் ஒரு முறை துணி விட்டுத் துடைத்து, சேம்பர் பக்கமிருந்து வெளிச்சத்தை நோக்கிப் பாருங்கள். முழு வட்டமும் தெரிய வேண்டும்.

வெளியே வந்த குண்டைப் பத்திரப்படுத்துங்கள். அதன் மூக்கில் உள்ள வரிகள்தான் அடுத்த கட்ட வேலையின் முதல் பக்கம்.

கூடா, குண்டா?

வீட்டில், மேசையில், நல்ல வெளிச்சத்தில் உட்காருங்கள். தேவையானவை: ஒரு மைக்ரோமீட்டர், ஒரு காலிப்பர், கறுப்பு மார்க்கர் பேனா, இதே ரைஃபிளில் சுட்டு இன்னும் டையில் போடாத ஒரு கூடு, டையில் அளவாக்கிய சில காலிக் கூடுகள். உயிருள்ள தோட்டா எதுவும் அந்த அறையில் இருக்கக் கூடாது. இனி சொல்லும் சோதனை ஒவ்வொன்றும் மருந்தும் பிரைமரும் இல்லாத போலித் தோட்டாவில்தான்.

காலிப்பரை மட்டும் நம்பி இந்த வேலையில் இறங்காதீர்கள். நாம் தேடும் வித்தியாசம் 0.001 அங்குலம், அதாவது ஏறத்தாழ 0.025 மில்லிமீட்டர். மலிவான காலிப்பரின் தவறே அந்த அளவுக்கு இருக்கும். நீளத்துக்குக் காலிப்பர், விட்டத்துக்கு மைக்ரோமீட்டர்.

முடிந்தால் போல்ட்டிலிருந்து, பிரைமரைக் குத்தும் ஊசியையும் அதன் சுருள்வில்லையும் கழற்றிவிடுங்கள். அப்போது கைப்பிடி தன் எடையிலேயே கீழே விழும். எங்கே லேசாகத் தடுக்கிறது என்பதை விரல் நுனியில் உணர முடியும். சுருள்வில் இருக்கும்போது அந்த நுட்பமான உணர்வு மறைந்துபோகும்.

முதலில், அளவாக்கிய காலிக் கூடு ஒன்றை, குண்டு இல்லாமல், சேம்பரில் விடுங்கள். போல்ட் தடையின்றி மூடினால் கூட்டில் குற்றமில்லை. மூடாவிட்டால் குண்டைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். கூட்டின் தோள் (உடலிலிருந்து கழுத்துக்குக் குறுகும் சரிவு) போதுமான அளவு பின்னுக்குத் தள்ளப்படவில்லை, அல்லது அந்தக் கூடு வேறொரு ரைஃபிளில் சுட்டது, அல்லது நீளம் கூடிவிட்டது. வார்ப்புக் குண்டுக்காரர்கள் பலர் கழுத்தை மட்டும் அளவாக்கும் டையைப் பயன்படுத்துவார்கள். சில சுடுதல்களுக்குப் பிறகு தோள் முன்னேறி இறுகிவிடும். அப்போது முழு நீள டையை ஒருமுறை, தோள் சற்றே பின்னுக்குப் போகும் அளவுக்கு மட்டும், பயன்படுத்த வேண்டும்.

நீளத்துக்குத் தோட்டா வகைவாரியாக அளவுகள் தெளிவாக இருக்கின்றன. .30-06 கூட்டின் உச்ச நீளம் 2.494 அங்குலம், .308 வின்செஸ்டருக்கு 2.015, .30-30க்கு 2.039. இதைத் தாண்டினால் கூட்டின் வாய், சேம்பரின் கழுத்து முடியும் படிக்கட்டில் இடித்து உள்நோக்கி மடங்கி, குண்டைக் கவ்வும். வெடிக்கும்போது விரிய இடமில்லாமல் அழுத்தம் ஏறும். இது சிக்கலைவிட ஆபத்தான சமாசாரம். ஆகவே எந்தச் சோதனைக்கும் முன்னால் கூடுகளை வெட்டி ஒரே நீளமாக்கிவிடுங்கள்.

சுட்ட கூடு சொல்லும் செய்தி

இது எல்லாச் சோதனைகளிலும் எளியது, செலவில்லாதது, நான் யாருக்கும் முதலில் பரிந்துரைப்பது. இதே ரைஃபிளில் சுட்டு, டையில் போடாத கூட்டை எடுங்கள். அதன் வாயில் நீங்கள் அளவாக்கி வைத்திருக்கும் வார்ப்புக் குண்டை விரலால் விடுங்கள். தடையின்றி வழுக்கி உள்ளே போக வேண்டும்.

போகவில்லை என்றால், உங்கள் சேம்பரின் கழுத்து அந்தக் குண்டுக்குப் போதாது. கணக்கு எளிது. கூட்டுக் கழுத்தின் சுவர் 0.014 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு பக்கமும் சேர்த்து 0.028. 0.310 அளவாக்கிய குண்டை வைத்தால் கழுத்தின் வெளிவிட்டம் 0.338. அதே குண்டை 0.312 ஆக விட்டால் 0.340. சில சேம்பர்களில் இந்த 0.002 அங்குலம்தான் தாராளத்துக்கும் இறுக்கத்துக்கும் நடுவில் நிற்கிறது. வெவ்வேறு நிறுவனக் கூடுகளின் சுவர்த் தடிமன் வேறுபடும் என்பதால், ஒரே குண்டு ஒரு நிறுவனக் கூட்டில் ஓடும், மற்றொன்றில் நிற்கும். 'போன வாரம் சரியாகப் போயிற்று, இந்த வாரம் போகவில்லை' என்று குழம்புகிறவர்கள் முதலில் கூட்டின் அடியில் உள்ள பெயரைப் பாருங்கள்.

கழுத்து விரிய இடமில்லாமல் போல்ட்டை அழுத்தி மூடிச் சுட்டால், குண்டை விடுவிக்க முடியாமல் கூடு இறுக்கிப் பிடிக்கும். அழுத்தம் கையேட்டின் கணக்கைத் தாண்டும். ஆகவே இங்கே சமரசம் கிடையாது. குண்டை 0.001 அங்குலம் சிறிதாக அளவாக்குங்கள், அல்லது சுவர் மெல்லிய கூட்டுக்கு மாறுங்கள். கழுத்தை வெளிப்புறமாகச் சீவி மெல்லியதாக்குவது அனுபவம் வந்த பிறகு செய்ய வேண்டியது.

இதிலேயே இன்னொரு கண்ணியும் இருக்கிறது. செம்பு உறைக் குண்டுக்காகச் செய்த டையின் விரிப்பான், கழுத்தை 0.306 அல்லது 0.307 அளவுக்கே விரிக்கும். அதற்குள் 0.310 ஈயக் குண்டை இறக்கினால், பித்தளை ஈயத்தை அமுக்கிச் சுருக்கிவிடும், அல்லது வாயின் விளிம்பு ஈயத்தைச் சீவி எடுக்கும். சீவிய ஈயம் கழுத்தின் ஓரத்தில் மெல்லிய வளையமாக ஒட்டிக்கொண்டிருக்கும், நகத்தால் தொட்டால் பிரிந்து வரும். லைமன் நிறுவனத்தின் 'எம்' டை போன்ற இரட்டைப் படி விரிப்பான் இதற்காகவே இருக்கிறது. முதல் படி கழுத்தைக் குண்டுக்குச் சற்றுக் குறைவாக விரிக்கும், இரண்டாம் படி வாயை மட்டும் குண்டைவிடச் சற்று அகலமாகத் திறக்கும். குண்டு நேராக அமர்ந்து, சீவப்படாமல் இறங்கும். வார்ப்புக் குண்டில் இறங்குகிறவர் வாங்க வேண்டிய முதல் கருவி, என் தீர்ப்பில், குண்டு வார்க்கும் புதிய அச்சு அல்ல, இந்த விரிப்பான்தான்.

கறுப்பு மையைப் படிப்பது

கூடும் கழுத்தும் தேறிவிட்டன என்றால் குண்டுக்கு வருவோம். போலித் தோட்டா ஒன்றில் குண்டை இப்போது வைக்கும் ஆழத்திலேயே வையுங்கள். குண்டின் தெரியும் பகுதி முழுவதையும், கூட்டின் கழுத்தையும் தோளையும் சேர்த்து, மார்க்கரால் கறுப்பாக்கி உலரவிடுங்கள். சேம்பரில் விட்டு, தடுக்கும் வரை மட்டும் போல்ட்டை மூடி, திருகாமல் நேராக வெளியே எடுங்கள். வெளிச்சத்தில் மெதுவாகச் சுழற்றுங்கள். மை எங்கே போயிருக்கிறதோ அங்கேதான் உரசல்.

மூக்கைச் சுற்றிச் சம இடைவெளியில் பளபளக்கும் கோடுகள் இருந்தால் அவை ரைஃபிளிங் மேடுகள் பதித்தவை. கோடுகளை எண்ணுங்கள். உங்கள் குழலில் எத்தனை மேடுகளோ அத்தனை இருக்க வேண்டும். பெரும்பாலான வேட்டை ரைஃபிள்களில் நான்கு அல்லது ஆறு. இரண்டாம் உலகப் போர்க்காலத்து 1903ஏ3 ஸ்பிரிங்ஃபீல்டு சிலவற்றில் இரண்டே. 1917 என்ஃபீல்டில் ஐந்து. ஒரு பக்கம் மட்டும் கோடு விழுந்து மறுபக்கம் மை அப்படியே இருந்தால் குண்டு கூட்டில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறது. மேடுகளைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. குண்டை இறக்கும் தண்டின் குழி உங்கள் குண்டின் மூக்குக்குப் பொருந்துகிறதா என்று பாருங்கள்.

கோடுகள் எங்கே இருக்கின்றன என்பது அடுத்த கேள்வி. மூக்கு வளைந்து அகலமாகும் இடத்தில் குட்டையாக, ஆழமாகப் பதிந்திருந்தால் தோட்டாவின் மொத்த நீளம் கூடுதல். இதற்குத்தான் குண்டை ஆழமாக இறக்குவது சரியான வைத்தியம். மாறாக, மூக்கின் நேரான பகுதி முழுவதிலும் நீளக் கோடுகளாக ஓடினால் மூக்கே தடித்திருக்கிறது. அதைப் பற்றிக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

கோடுகள் இல்லாமல், முன் பட்டையைச் சுற்றி (மூக்குக்குப் பின்னால் குண்டின் உடம்பில் உள்ள அகன்ற வளையம்) முழு வளையமாக மை அழிந்திருந்தால் பட்டை தொண்டையில் முட்டுகிறது. தொண்டை என்பது கூட்டின் வாய்க்கும் மேடுகளின் தொடக்கத்துக்கும் நடுவில் உள்ள வழவழப்பான பகுதி. பழைய ராணுவ ரைஃபிள்களில் அது தேய்ந்து அகன்றிருக்கும், புதியவற்றில் நெருக்கமாக இருக்கும். பட்டை தொண்டையை லேசாகத் தொட்டு உள்ளே நழுவுவதுதான் நல்ல பொருத்தம். முட்டி நிற்பது அல்ல. இங்கே 0.001 அங்குலம் சிறிதாக அளவாக்கினால் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

மை குண்டில் அழியாமல் கூட்டின் தோளில் அழிந்திருந்தால் கிரிம்ப் போடும்போது தோள் பிதுங்கியிருக்கிறது. குண்டை இறக்குவதையும் வாயைச் சுருக்கிக் கிரிம்ப் போடுவதையும் ஒரே இழுப்பில் செய்யும்போது இது நேரும். இரண்டையும் தனித்தனி அடியாகப் பிரியுங்கள். குழாய் மகசீன் உள்ள லீவர் ரைஃபிளில் கிரிம்ப் அவசியம், ஒற்றையாகப் போட்டுச் சுடும் போல்ட் ரைஃபிளின் இலக்குத் தோட்டாவுக்கு அது பெரும்பாலும் தேவைப்படாது.

மொத்த நீளத்தை ரைஃபிளிடமே கேட்பது

.30-06க்கு அச்சிட்ட கையேடுகளில் உள்ள உச்ச மொத்த நீளம் 3.340 அங்குலம், .308க்கு 2.810, .30-30க்கு 2.550. இவை மகசீனில் அடங்கவும், எல்லா ரைஃபிளிலும் ஓடவும் வகுத்த எல்லைகள். உங்கள் வார்ப்புக் குண்டு மேடுகளை எங்கே தொடும் என்பதை அவை சொல்லாது. தட்டை மூக்குக் குண்டு மிகக் குட்டையான நீளத்திலேயே தொட்டுவிடும்.

சேம்பர் காலியாக, போல்ட் மூடி, ஊசி பின்னிழுத்த நிலையில் இருக்கட்டும். தட்டையான முனையுள்ள கம்பியை முனையிலிருந்து போல்ட்டின் முகத்தைத் தொடும்வரை விட்டு, குழலின் விளிம்பில் கம்பியின் மேல் ஒரு கோடு போடுங்கள். போல்ட்டை எடுத்துவிட்டு, ஒரு குண்டைச் சேம்பரில் விட்டு, பென்சிலால் மேடுகளைத் தொடும்வரை மட்டும் மெதுவாகத் தாங்கிப் பிடியுங்கள். கம்பியை மறுபடி குண்டின் மூக்கைத் தொடும்வரை விட்டு இரண்டாவது கோடு. இரண்டு கோடுகளுக்கும் நடுவில் உள்ள தூரம்தான் அந்தக் குண்டுக்கு அந்த ரைஃபிளில் மேடுகளைத் தொடும் மொத்த நீளம். வேட்டைக்குப் போகும் தோட்டாவை இதைவிட 0.010 முதல் 0.020 அங்குலம் குட்டையாக வையுங்கள். சுடாமல் வெளியே எடுக்க நேர்ந்தால் குண்டு கூடவே வர வேண்டும்.

குண்டை ஆழமாக இறக்கும்போது இரண்டைக் கவனியுங்கள். கூட்டுக்குள் இடம் குறைவதால் அழுத்தம் ஏறும். கையேட்டில் சொன்ன தொடக்க அளவுக்குத் திரும்பி, அங்கிருந்து ஏற வேண்டும். அடுத்தது, குண்டின் அடியில் மாட்டும் செம்புக் குல்லாவான காஸ் செக், கூட்டின் கழுத்தைத் தாண்டித் தோளுக்குக் கீழே தொங்கக் கூடாது என்பது பொது வழக்கம். .30-06இன் கழுத்து நீளமானது, தாங்கும். .308இன் கழுத்து ஏறத்தாழ 0.30 அங்குலம்தான். நீளமான 200 கிரெய்ன் (ஏறத்தாழ 13 கிராம்) வார்ப்புக் குண்டை அதில் இறக்கினால் அடிப்பாகம் கழுத்துக்குக் கீழே போய்விடும். அந்தச் சமயத்தில் குண்டை அமுக்குவதை விட்டுவிட்டு, .308க்குப் பொருத்தமான குட்டை மூக்கு அச்சைத் தேடுவதே நல்லது.

மூக்கு தடித்திருந்தால்

புதியவர்களை அதிகம் ஏமாற்றுவது இதுதான். அளவாக்கும் டையில் 0.309க்கு இழுத்துவிட்டோம், இனி எல்லாம் 0.309 என்று நினைத்துவிடுகிறோம். அந்த டை குண்டின் பட்டைகளை மட்டுமே தொடுகிறது. மூக்கு அச்சிலிருந்து எப்படி விழுந்ததோ அப்படியேதான் இருக்கிறது.

.30 காலிபர் குழலில் மேட்டுக்கு மேடு உள்ள விட்டம் 0.300 அங்குலம், பள்ளத்துக்குப் பள்ளம் 0.308. லைமன் 311299 போன்ற நீள மூக்குக் குண்டுகள், மூக்கு மேடுகளின் மேல் சவாரி செய்யும் வடிவம். அந்த மூக்கு 0.300 அல்லது 0.301 இருந்தால் மேடுகள் மெல்லிய கோடு மட்டும் போடும், குண்டு நேராக வழிகாட்டப்படும், குறியும் நன்றாக இருக்கும். 0.303 ஆகிவிட்டால் அரை அங்குல நீளத்துக்கு ஈயத்தைச் செதுக்கிக்கொண்டு போக வேண்டும். போல்ட் மூடாது.

மூக்கு ஏன் தடிக்கிறது? ஒரு காரணம் உலோகக் கலவை. அச்சுக் கோக்கும் லைனோடைப் உலோகத்தில் 12 விழுக்காடு ஆன்டிமணியும் 4 விழுக்காடு வெள்ளீயமும் உண்டு. அது ஆறும்போது குறைவாகச் சுருங்கும், ஆகவே பழைய சக்கர எடைக்கட்டி ஈயத்தைவிடக் குண்டு பெரிதாக விழும். கலவையில் மென்மையான ஈயத்தைக் கூட்டினால் மூக்கு 0.001 அங்குலம் அளவுக்குச் சிறுக்கக்கூடும். இன்னொரு காரணம் அச்சின் இரண்டு பாதிகளும் முழுதாக மூடாதது. முகத்தில் ஒட்டிய ஒரு துளி ஈயம் போதும். மூக்கை அச்சின் சேர்க்கைக் கோட்டுக்குக் குறுக்கே ஒருமுறையும், அதற்குச் செங்குத்தாக ஒருமுறையும் அளந்து பாருங்கள். இரண்டும் 0.001 அங்குலத்துக்கு மேல் வேறுபட்டால் குண்டு வட்டமாக இல்லை. அச்சின் முகங்களைச் சூடாக இருக்கும்போதே மரத்துண்டால் துடைத்துச் சுத்தமாக்குங்கள்.

மூன்றாவது காரணம் இப்போது பலரும் பூசும் பவுடர் பூச்சு. ஈயத்தின் மேல் நிறப் பொடியைப் படியவைத்து அடுப்பில் வேகவைக்கும் முறை. நல்ல முறைதான், குண்டில் வழக்கமாகப் பூசும் மசகின் புகை இல்லை. ஆனால் அது விட்டத்தில் 0.001 முதல் 0.002 அங்குலம் கூட்டும், மூக்கிலும் கூட்டும். பூசாத குண்டுக்குக் கண்டுபிடித்த மொத்த நீளத்தைப் பூசிய குண்டுக்கு அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. கம்பிச் சோதனையை மறுபடி செய்யுங்கள். மூக்குக்கென்றே தனியாக அளவாக்கும் டைகளும் கிடைக்கின்றன. அச்சை மாற்றுவதற்கு முன்னால் அதை முயலலாம்.

இங்கே இந்தியத் தொடர்பு ஒன்று. மேற்கு வங்கத்தின் இஷாப்பூர் ரைஃபிள் தொழிற்சாலையில் செய்த லீ-என்ஃபீல்டுகள் அமெரிக்க உபரிச் சந்தையில் நிறைய உலவுகின்றன. அவற்றில் .303 குழல்களின் பள்ள விட்டம் 0.311 முதல் 0.316 வரை வேறுபடும். 1960களில் அதே தொழிற்சாலை செய்த 2ஏ1 வகை 7.62 மில்லிமீட்டர் தோட்டாவுக்கானது. இரண்டையும் ஒன்றென நினைத்து ஒரே குண்டை இரண்டிலும் முயல்வது வீண். ஐந்து பள்ளக் குழலில் பள்ளத்துக்கு எதிரே மேடு வரும் என்பதால் சாதாரண மைக்ரோமீட்டரால் அளக்கவும் முடியாது, வி வடிவத் தாங்கி உள்ளது வேண்டும்.

எந்தச் சோதனையும் தெளிவாகப் பதில் தராவிட்டால் சேம்பரை வார்த்துப் பார்க்கலாம். செரோசேஃப் என்ற உலோகம் 70 முதல் 88 டிகிரி செல்சியஸில் உருகும். குழலைத் துணியால் அடைத்து, சேம்பரிலும் தொண்டையிலும் ஊற்றி, ஆறியதும் எடுத்து, ஊற்றி ஒரு மணி நேரத்தில் அளந்தால் அச்சொட்டான அளவு கிடைக்கும். முதல் அரை மணியில் அது சுருங்கும், நாள்கணக்கில் வைத்தால் பெருக்கும். நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அதில் ஈயமும் காட்மியமும் உண்டு, காற்றோட்டம் அவசியம்.

போகப் போக இறுகினால்

முதல் தோட்டாக்கள் சுகமாகப் போய், பிறகு வந்தவை இறுகினால் குண்டின் அளவில் குற்றமில்லை. சேம்பரில் ஏதோ சேர்கிறது. சீவிய ஈயம் கழுத்தின் முடிவில் வளையமாகப் படிந்திருக்கும், அல்லது மசகும் கரியும் தொண்டையில் கெட்டிப்பட்டிருக்கும். சிறு விளக்கைச் சேம்பரில் காட்டினால், கழுத்து முடியும் இடத்தில் சாம்பல் நிற வளையம் ஒன்று மினுங்குவதைக் காணலாம்.

பழைய வெண்கலத் தூரிகை ஒன்றில் பாத்திரம் தேய்க்கும் செம்புச் சுருளைச் சுற்றிச் சேம்பர் பக்கமிருந்து திருகித் தேய்த்தால் ஈயம் இழை இழையாக வரும். வாங்கும்போது காந்தம் வைத்துப் பாருங்கள். ஒட்டினால் அது செம்பு முலாம் பூசிய இரும்பு, குழலுக்குள் போகக் கூடாது. சுத்தம் செய்ததோடு நிற்காமல் காரணத்தையும் நீக்குங்கள்: கூட்டின் வாயை உள்பக்கம் சரிவாகச் செதுக்கி, விரிப்பானால் திறந்து, குண்டை இறக்குங்கள். குண்டின் பள்ளத்தில் பூசிய மசகு மூக்கில் வழிந்திருந்தால் துடைத்துவிட்டுப் பெட்டியில் வையுங்கள்.

ஏற்கெனவே நிரப்பிவிட்ட தோட்டாக்கள்

காரணம் தெரிந்துவிட்டது. ஆனால் பெட்டியில் அதே அளவில் நிரப்பிய தோட்டாக்கள் இருக்கின்றன. அவற்றை வீட்டில் சேம்பரில் போட்டுச் சோதிக்காதீர்கள். கடையில் விற்கும் தோட்டா அளவுக் குழாயும் இதற்குப் போதாது. அது கூட்டைச் சோதிக்கும், உங்கள் தொண்டையைச் சோதிக்காது.

மொத்த நீளம்தான் காரணம் என்றால், அதுவும் தொடக்க அளவு மருந்தில் நிரப்பியவை என்றால், இறக்கும் டையில் சற்று ஆழப்படுத்தலாம். கிரிம்ப் போட்டிருந்தால் அதுவும் கூடாது. குண்டு இறங்கும்போது வாய் அதைக் கிழிக்கும். விட்டமோ மூக்கோ காரணமென்றால் ஒரே வழி பிரிப்பது. சுத்தியல் வடிவ இழுப்பானில் போட்டுத் தட்டினால் குண்டும் மருந்தும் தனியே வரும். மருந்தை எந்தப் புட்டியிலிருந்து எடுத்தீர்கள் என்பது உறுதியாகத் தெரிந்தால் மட்டும் திரும்பச் சேருங்கள். தெரியாவிட்டால் அப்புறப்படுத்துங்கள். குண்டுகள் மறுபடி உருக்கும் பானைக்குப் போகலாம். ஈரத் துளி ஒன்றுகூட ஒட்டியிருக்கக் கூடாது, உருகிய ஈயத்துக்குள் போன நீர் நொடியில் ஆவியாகி ஈயத்தை உங்கள் மேல் சிதறடிக்கும். சமையலறையில் வார்க்காதீர்கள். வேலை முடிந்ததும் கையையும் முகத்தையும் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே குழந்தையைத் தூக்குங்கள், சாப்பாட்டில் கை வையுங்கள்.

சரியான அளவு கிடைத்ததும் அந்தப் போலித் தோட்டாவை உருக்கிவிடாதீர்கள். பிரைமர் குழியைக் காலியாக விட்டு, கூட்டின் பக்கத்தில் சிறு துளையிட்டு, போலி என்று பார்த்தவுடன் தெரியும்படி செய்து, டைகளின் பெட்டியிலேயே வையுங்கள். ஒட்டுத்தாளில் ரைஃபிளின் பெயர், அச்சின் எண், கலவை, அளவாக்கிய விட்டம், மூக்கின் விட்டம், கூட்டின் நிறுவனம், மொத்த நீளம் ஆகியவற்றை எழுதுங்கள். இதில் ஒன்று மாறினாலும், புதிய வார்ப்பில் முதல் தோட்டாவை நிரப்புவதற்கு முன்னால், கறுப்பு மை பூசிய போலித் தோட்டா ஒன்று சேம்பருக்குள் போய் வரட்டும்.